கேள்வி எண் மூன்று

பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிதையில்
காதலும் காலமும் கையாளப்படும் விதத்தைத்
தக்க அணிகளோடு விளக்குக. இருபத்தைந்து மதிப்பெண்.

சனிக்கிழமை தேர்வு. இன்று வியாழன்.
பாயான் லெப்பாஸில் இரவு ஷிப்ட் முடிந்து
401 பேருந்தின் கடைசி இருக்கையில்
விடையை மனத்துக்குள் எழுதிப் பார்க்கிறேன்.
பன்னிரண்டு மணி நேரம் நுண்ணோக்கியில்
சிலிக்கன் தகட்டின் கீறல்களைத் தேடிய கண்
இன்னும் எதையும் பெரிதாகவே பார்க்கிறது.

முதல் பத்தி.
முன்பின் தெரியாத இரண்டு பொருளுக்கு
அக்காலப் புலவர்கள் பதிவுத் திருமணம் செய்துவைத்தார்கள்:
ஒரு முத்தத்துக்கும் ஒரு வட்டிக்கணக்குக்கும்.
சாட்சிக் கையெழுத்து, தர்க்கம்.
கடவுளிடம் போனாலும் அதே குரல்,
கதவைத் தட்டி, நியாயம் கேட்டு.
(நம் பாட்டிலும் சாமியைத் திட்டுவது உண்டு.)
எங்கள் இலக்கணத்தில் இந்த உவமைக்கு நேர்ப்பெயர் இல்லை;
தற்குறிப்பேற்றம் பக்கத்துத் தெருவில் குடியிருக்கிறது.
வரிகளை உருவமாய் அடுக்கும் வித்தைக்கு மட்டும்
உடனே கை தூக்குவேன்: சித்திரகவி.
எழுத்தைத் தேராக்கியவர்கள் நாங்கள்,
தைப்பூசத்தன்று தேர்முன்னே தேங்காயும் உடைப்பவர்கள்.
இதை எழுதக் கூடாது. மதிப்பெண் கிடையாது.

இரண்டாம் பத்தி, காலம்.
பூ வாடும், பொழுது சாயும், பெண்ணே சீக்கிரம்.
அந்தப் பெண் ஒரு வரியிலும் வாய் திறப்பதில்லை.
அவள் மறுத்தாள் என்பதே
அவன் மறுபடி வாதாடுவதால்தான் தெரிகிறது.

தெலுக் கும்பார் நிறுத்தத்தில் கைப்பேசி ஒளிர்கிறது.
யுகேந்திரன்.
"உனக்கு முப்பத்திரண்டு ஆகுது.
படிப்பு எங்கேயும் ஓடிடாது. காலம்தான் ஓடுது லா."
இத்தனை நூற்றாண்டில் வாதம்
யாப்பை மட்டும்தான் இழந்திருக்கிறது.
ஓவர்டைம் கேட்கும் சூப்பர்வைசருக்கும்
இதே அணிதான். எதுகை கொஞ்சம் குறைவு.

மூன்றாம் பத்தியில்தான் சிக்கல்.
காதலியின் உடலை அவர்கள்
கிழக்கு என்கிறார்கள், வாசனைத் தீவு என்கிறார்கள்,
கப்பல் அனுப்புகிறார்கள்.
உவமேயம் சீமையில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்க
உவமானத்தின் மலைவளைவில்
ஒரு பேருந்து முக்கி முனகி ஏறுகிறது.
நான் வாடகைக்கு இருப்பது உவமானத்தில்.
இங்கே மழை பெய்தால் சாக்கடை அடைக்கும்.

சரியாகச் சொன்னால், அந்த நூற்றாண்டில்
ஜாதிக்காய் இங்கே இல்லை; தூரத்துப் பாண்டாவில்.
பினாங்குக்குப் பின்னால்தான் வந்தது,
யாரோ கணக்குப் போட்டுக் கப்பலேற்றி,
கிட்டத்தட்ட நாங்கள் வந்ததுபோல.

பாலேக் பூலாவ் சந்தையில் இறங்குகிறேன்.
ஜூஸ் கடை சியூ ஹோங் கத்தியால் பழத்தைப் பிளக்கிறாள்.
வெளிர்மஞ்சள் சதை. நடுவே கறுப்புக் கொட்டை.
கொட்டையை இறுக்கிப் பிடித்த சிவப்பு வலை,
இப்போதுதான் யாரோ பின்னி ஈரம் காயாததுபோல.
கவிதைக்குள் போனது கொட்டையும் வலையும்தான்.
கடல்வழி தாங்காத சதை
கரையிலேயே நின்றுவிட்டது,
உப்பும் சீனியும் போட்டு நாங்கள் தின்ன.

ஆகவே
(அவர்கள் வாதத்தை முடிக்கும் சொல் இது,
ஒரு நாள் நானும் பிடித்து உலுக்க ஆசைப்பட்ட சொல்)
ஆகவே, யுகேந்திரா,
நான் பூ இல்லை. சாயும் பொழுதும் இல்லை.
கப்பலில் ஏற்ற முடியாத அந்தப் பாகம்.
புளிப்பு. காலை எட்டு மணிக்கே.

இவ்வளவையும் அனுப்பவில்லை.
"சனிக்கிழமை மூணு மணிக்கு மேல பேசறேன்" என்று மட்டும்.
நீலக்குறி விழுகிறது.
பதில் இல்லை.
இந்த முறை வாய் திறக்காதது அவன்.

நான்காம் பத்தி, முடிவுரை, கட்டாயம் என்கிறது பாடக்குறிப்பு.
அறைக்குப் போய்த் திரையை இழுத்துவிட்டால்
ஒரு முழுப் பகல் வெளியே ஓடிப்போகும்.
போகட்டும்.
எனக்குத் தூக்கம் வருகிறது.